குரல் மாறும் பருவத்தில் ஆட்டமும் பாட்டும்

வகுப்பறைக்கு வெளியே ஒரு கல்லூரியில் நிகழும் வேலைகளுக்கு நாம் காலத்துக்குக் காலம் வெவ்வேறு பெயர்களை இட்டு வந்திருக்கின்றோம். ஒரு காலத்தில் அவை புறக்கிருத்தியங்கள் எனப்பட்டன. பின்னர்ப் பாடவிதானத்துக்குப் புறம்பான வேலைகள் எனப்பட்டன. இன்று இணைபாடவிதானச் செயற்பாடுகள் எனச் சுற்றுநிருபங்கள் கூறுகின்றன. புறத்தே நின்ற விளையாட்டும் சங்கீதமும் பெயரளவிலேனும் உள்ளே வந்து பாடங்களுக்கு இணையாக அமர்ந்துவிட்டன. தமிழ் கற்பிக்கும் எமக்குச் சொல்லின் உயர்ச்சியைக் காண்பதில் மகிழ்ச்சி உண்டு. ஆயினும் பெயர் உயர்ந்த அளவுக்கு அவற்றுக்குரிய நேரமும் உயர்ந்ததா என்று கேளாதிருத்தல் இயலவில்லை.

இவ்விழா மலரிலே கல்லூரி பெற்ற கிண்ணங்களையும் கேடயங்களையும் பற்றி எழுதத் தக்கார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. 11 வயதில் ஆர்வத்தோடு இசையறைக்கும் மைதானத்துக்கும் வந்து, 14 வயது நிறையுமுன்னரே இரண்டிடத்தினின்றும் ஓசையின்றி நீங்கிவிடும் மாணாக்கனைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். அவனைத் திறமையில்லாதவன் என்று நாம் எளிதிற் கணக்கெழுதி விடுகின்றோம். பெரும்பாலும் அக்கணக்குப் பிழையானது. அவன் நீங்குதற்குரிய காரணம் அவனுடைய உடம்பு வளரும் முறையிலே இருக்கின்றது.

முதற்கண் இவ்விரண்டும் எமது பள்ளிகளுக்கு வந்த வழியைச் சுருங்கக் கூறுவோம். யாழ்ப்பாணத்திலே ஆட்டமும் பாட்டும் இரு வேறு வாயில்களால் நுழைந்தன. துடுப்பாட்டம் முதலியன மிசன் கல்லூரிகளின் வாயிலால் வந்தவை. மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டிலே தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி ‘வடக்கின் பெரும்போர்’ என்னும் பெயரோடு இன்றும் நடைபெறுவதை யாவரும் அறிவர். பாட்டோ சைவப் பள்ளிகளின் வாயிலால் வந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிக் காட்டிய வழியில் எழுந்த பள்ளிகளிலே திருமுறை ஓதுதல் அன்றாட ஒழுங்காயிற்று. கிளித்தட்டும் சடுகுடுவும் எவ்வாயிலாலும் வரவேண்டியிருக்கவில்லை. அவை ஒழுங்கைகளிலும் கோயில் வீதிகளிலும் முன்னரே இருந்தன. அவற்றைப் பள்ளிகள் நெடுங்காலம் விளையாட்டு என மதியாதிருந்தமை வேறு கதை.

இந்துக் கல்லூரிகள் இவ்விரண்டையும் ஒரே முற்றத்துக்குக் கொணர்ந்தன. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவரும், விஞ்ஞானத்தைத் துறைபோகக் கற்றவருமாகிய சுவாமி விபுலாநந்தரே பழந்தமிழிசையை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார் என்பதை எண்ணுந்தோறும், இசை கல்லூரிக்குரிய படிப்பன்று என்று கூறுவோரிடத்து எமக்கு வியப்பே மிகுகின்றது. 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றித் தரந்தரமாகப் பரீட்சை நடாத்தலாயிற்று. 1960இல் மருதனார்மடத்திலே இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது; மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் அதன் முதல்வராக இருந்து கற்பித்தார்கள். பின்னர்ச் சங்கீதம் பாடசாலை நேரசூசியிலும் பொதுப் பரீட்சையிலும் இடம்பெற்றது. இது பெரும் பேறே. ஆயின் நேரசூசிக்குள் வந்த சங்கீதம் மாலைப் பொழுதை விட்டுப் போயிற்று. பரீட்சைக்கு எடுத்தவன் பாடுவான், எடாதவன் கேட்கவும் மாட்டான் என்னும் நிலை உண்டாயிற்று.

இனி எமது பொருளுக்கு வருவோம். பல ஆண்டுகளாக இருந்துவரும் ஒழுங்கின்படி மாணாக்கன் தரம் 6இலே சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்கின்றான். அப்பொழுது அவனுக்கு வயது 11. அவன் குரல் தெளிந்த சிறுவர் குரல். சரளி வரிசையும் சண்டை வரிசையும் மாயாமாளவகௌளையிலே மூன்று காலமும் பாடுகின்றான். தரம் 8, 9 ஆகிய வகுப்புக்களை அடையும்போது, 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில், அவன் குரல் உடைகின்றது. உயரே போகும்போது குரல் பிளக்கின்றது. கீழே வரும்போது காற்று மாத்திரம் வருகின்றது. நேற்றுப் பாடிய கீதத்தை இன்று பாட முடியவில்லை. வகுப்பார் சிரிக்கின்றனர். அடுத்த கிழமை அவனுக்குத் தலைவலி. அதற்கடுத்த கிழமை அவனுக்கு வேறு வேலை. தரம் 10இலே பாடந் தெரிவு செய்யும் வேளையில் அவன் சங்கீதத்தை எடான் என்பது சொல்லாமலே அமையும்.

நிகழ்ந்தது யாது? கழுத்தினுள்ளே இருக்கும் குரல்வளை இப்பருவத்தில் விரைந்து பெருக்கின்றது. அதனாலேயே கழுத்தின் முன்புறத்தில் மேடு தோன்றுகின்றது. குரல்வளைக்குள் உள்ள இரு குரல் நாண்களும் நீண்டு தடிக்கின்றன. நீண்டு தடித்த நரம்பு தாழ்ந்த ஒலியையே தரும் என்பதை வீணையைத் தொட்டவர் எவரும் அறிவர். இவ்வாறு ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி தாழ்கின்றது. மாற்றம் சிலருக்குச் சில மாதங்களில் முடியும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலுஞ் செல்லும். கருவி மாறிவிட்டது, அதனை மீட்டும் தசைகள் இன்னும் பழைய பழக்கத்திலேயே நிற்கின்றன. அபசுரம் பிறப்பது இதனாலேயன்றிச் செவியின் குறையால் அன்று. அவன் செவி முன்போலவே நுட்பமாக இருக்கின்றது. ஆதலினாலேயே தன் குரலைக் கேட்டுத் தான் நாணுகின்றான். பழந்தமிழர் வகுத்த ஏழிசையில் முதலாவதாக எண்ணப்படும் சுரத்துக்குக் ‘குரல்’ என்றே பெயர். முதற் சுரமே இடம்பெயரும் காலம் இது எனக் கொண்டால் பிள்ளையின் இடர் ஆசிரியருக்கு விளங்கும்.

செய்யத் தக்கது சுருதியை மாற்றுதல். சிறுவனாயிருந்தபோது 4, 5 கட்டைச் சுருதியிற் பாடியவன் ஆளானபின் 1, 1½, 2 கட்டை என்னும் அளவில் வந்து நிற்பான். சங்கீத ஆசிரியைமார் பலர் தம் குரலுக்கேற்ப 5 கட்டையை அண்டியே சுருதி வைத்துப் பாடுவர். அது அவர்களுக்கு இயல்பானது. அச்சுருதியிலே குரல் உடையும் பிள்ளையையும் பாடச் செய்வது, தம்பியின் சட்டையை அண்ணனுக்கு அணிவிப்பதை ஒக்கும். இப்பிள்ளைகளை நாலைந்து பேராகப் பிரித்துத் தாழ்ந்த சுருதியிலே, மத்திய ஸ்தாயி எல்லைக்குள், சிறிது நேரம் மெல்லப் பாடச் செய்தல் போதும். தார ஸ்தாயியில் வலிந்து கத்தச் செய்தல் கூடாது. காலைப் பிரார்த்தனைத் தேவாரத்திலும் இதனைக் கவனித்தல் நன்று. சிறுவர் பாடும் சுருதியிலே மேல்வகுப்பு மாணாக்கர் வாயசைத்துக்கொண்டு நிற்பதை நாம் பக்தியின்மை எனக் கண்டிக்கின்றோம். சுருதி எட்டாமையே உண்மையான காரணம். கிழமையில் இருநாள் மேல்வகுப்பினர் தமக்குரிய சுருதியிற் பாட, சிறுவர் கேட்டிருக்கட்டும்.

குரல் ஓய்ந்திருக்கும் அவ்வோராண்டிலே கற்பிக்கத் தக்க இசையும் உண்டு. அதுவே தாளம். மிருதங்கச் சொற்கட்டைப் பேச்சுக் குரலிலேயே சொல்லிப் பழகலாம், சுருதி வேண்டியதில்லை. தகிட என்பது 3, தகதிமி என்பது 4, தகதகிட என்பது 5, தகிட தகதிமி என்பது 7 எனக் கையாற் போட்டு வாயாற் சொல்லும்போது, பாட நாணிய பிள்ளை உரத்த குரலோடு முன்வருவதை நாம் வகுப்பிலே கண்டிருக்கின்றோம். இதனைத் தமிழ் வகுப்போடும் இணைக்கலாம். எமது இலக்கண நூலார் எழுத்தின் ஒலிக்கு மாத்திரை கூறும்போது கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவாகக் கொண்டனர். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என மனனஞ் செய்து புள்ளி வாங்கும் மாணாக்கருள் மிகப் பலர், அவ்வளவை ஒருநாளேனும் கைநொடித்துப் பார்த்ததில்லை. தாளம் போட்டறிந்தவனுக்கு யாப்பு அரைவாசி விளங்கிவிடும். இது தமிழாசிரியரின் தன்னலம் என்று சங்கீத ஆசிரியர்கள் கூறினால் நாம் மறுக்கமாட்டோம்.

வாத்தியங்களிலும் இவ்வாறே. பாட்டை விட்டவனுக்கு உடனே ஒரு வயலினையோ மிருதங்கத்தையோ கையிற் கொடுத்தால் அவன் இசையை விட்டவனாகான். தவிலில் உலகறிந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியையும், ‘கற்பகவல்லி’ பாடலை இயற்றிய இணுவில் வீரமணி ஐயரையும் தந்த மண்ணிலே, வாத்தியம் பழக ஆளில்லை என்று கூறுவது பொருந்தாது. பல பள்ளிகளில் மிருதங்கம் அலுமாரியிலே பூட்டியிருக்கும். திறப்பு அலுவலகத்திலே இருக்கும். விழாவுக்கு முதல்நாளன்றி அது வெளிவராது. வார் இழுபடாது தோல் காய்ந்து போன மிருதங்கத்தைப் பாதுகாத்ததாக எவரும் பெருமை கொள்ளலாகாது.

மைதானத்திலும் அதே வயதில் அதே கதை நிகழ்கின்றது. ஆண்பிள்ளை மிக விரைந்து உயரும் காலம் பெரும்பாலும் 13, 14 வயது. அக்காலத்தில் ஓராண்டிலேயே 9, 10 சென்ரிமீற்றர் வளர்வோர் உளர். முதலில் பாதமும் காலும் நீளும். உடல் பின்னரே நீளும். தசையின் வலி அதற்கும் பின்னரே வந்து சேரும். ஆதலின் நேற்று மான்போல் ஓடிய பிள்ளை இன்று தன் காலிலே தான் இடறுகின்றான். நீளம் பாய்தலில் அடியளந்து வைத்த ஓட்டக்குறி இரு மாதத்திற் பிழைத்துவிடுகின்றது. மிதிபலகையை மிதியாமலோ கடந்தோ பாய்கின்றான். அவனுக்கு வேண்டியது ஏச்சன்று. மாதம் ஒருமுறை ஓட்டக்குறியை மீள அளத்தல். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து நோகின்றது என்று இவ்வயதுப் பிள்ளை கூறினால் அதனைச் சோம்பல் எனக் கொள்ளற்க. தொடைத்தசை தன் நாரினால் வளரும் எலும்பை இழுப்பதால் உண்டாகும் நோவு அது. சில கிழமைகள் பாய்தலையும் கடுமையான ஓட்டத்தையும் குறைத்தால் பெரும்பாலும் தணியும். தணியாவிடின் வைத்தியரிடம் அனுப்புக.

இதனினும் பெரிய தீங்கு தெரிவிலே உண்டாகின்றது. வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. 13 வயதினர் இருவரை நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் தரம் 6 மாணாக்கன் போலத் தோன்றுவான். வயதுப் பிரிவு ஆண்டின் தொடக்கத்தைக் கொண்டு கணிக்கப்படுவதால், ஆண்டு முற்பகுதியிற் பிறந்தவனுக்கும் இறுதியிற் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஓராண்டு வேற்றுமை இருக்க, இருவரும் ஒரே பிரிவில் நிற்கின்றனர். 14 வயதின் கீழ்ப் பிரிவுக்கு நாம் தெரிவு செய்வோர் திறமையுடையோர் என நினைக்கின்றோம். பலவேளையில் முந்தி வளர்ந்தோரையே தெரிவு செய்கின்றோம். பிந்தி வளர்வோன் 17 வயதில் அவனோடு ஒத்தோ அவனை மேவியோ நிற்கக்கூடும். ஆனால் 13 வயதில் ‘உனக்கு இது சரிவராது’ என்று கேட்டவன் 17 வயதில் மைதானத்தில் எங்கே இருப்பான்?

பிந்தி வளர்வோனுக்கு அஞ்சலோட்டம் நல்ல இடம். 4 பேர் 100 மீற்றர் ஓடும் அஞ்சலோட்டத்திலே கோல் மூன்று முறை கைமாறுகின்றது. கைமாற்று எல்லை முன்னர் 20 மீற்றராகவும், அதற்குப் பின்னே ஓடத்தொடங்க 10 மீற்றராகவும் இருந்தது. 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அனைத்துலக விதி இரண்டையுஞ் சேர்த்து 30 மீற்றராக வகுத்திருக்கின்றது. கோல் பெறுவோன் தனக்குப் பின்னே அடியளந்து ஒரு குறியிடுகின்றான். கொண்டுவருவோன் அக்குறியைத் தாண்டிய கணத்தில் திரும்பிப் பாராது ஓடத் தொடங்குகின்றான். நன்கு பழகியோர் இருவரும் முழு வேகத்தில் இருக்கும்போதே கோல் மாறும். பழகாதோர் நின்று கொடுத்து நின்று வாங்குவர். ஒவ்வொரு மாற்றிலும் அரைச் செக்கன் இழந்தால் மூன்று மாற்றில் ஒன்றரைச் செக்கன் போய்விடும். பள்ளி ஓட்டக்காரர் இருவருக்கிடையே அத்தனை வேற்றுமை இருப்பது அரிது. ஆகவே நடுத்தர வேகமுடைய நால்வர் நாள்தோறும் பழகினால், விரைவுமிக்க நால்வரை வெல்லக் கூடும். இங்கு வேண்டப்படுவது உடற்பருமனன்று, கால அளவறிதல். தாளம் பழகிய பிள்ளை இதனை விரைவிற் பற்றிக்கொள்கின்றான் என்பது எமது எண்ணம்.

உயரம் பாய்தலைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1952, 1956 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் பங்குகொண்டு, 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைத் தந்தார்கள். அதன் பின்னர் 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே அமெரிக்கராகிய பொஸ்பரி முதுகு கீழாகத் தாண்டும் முறையாற் பாய்ந்து வென்றார். இன்று உலகம் முழுதும் அம்முறையே வழங்குகின்றது. அம்முறையிற் பாய்பவன் முதுகாலும் தோளாலும் விழுகின்றான். மணற்குழியில் அவ்வாறு விழுதல் ஆபத்து. தடித்த பஞ்சு மெத்தை வேண்டும். மெத்தையில்லாத பள்ளியின் பிள்ளை மணலிலே கத்தரிக்கோல் முறையிற் பாய்ந்து பழகி, மாகாணப் போட்டியிலே மெத்தையிற் பாய்ந்து பழகியவனோடு நிற்கின்றான். தோல்வியைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது நீதியாகுமா?

இவையெல்லாவற்றுக்கும் வேண்டுவது மாலை நேரம். பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணியளவில் விட்டுவிடுகின்றது. போர் நடந்த ஆண்டுகளில் மாலைப் பொழுதை ஊரடங்கும் அச்சமும் எடுத்துக்கொண்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிகளும் உடன் பெயர்ந்தன; மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்பு நடந்த காலத்தில் மைதானத்தைப் பற்றி எவர் நினைப்பார்? ஆயினும் அக்காலத்திலும் இருந்த வெளியிற் கரப்பந்து வலை கட்டி விளையாடினோர் இருந்தனர். இன்று மாலை திரும்பக் கிடைத்திருக்கின்றது. கிடைத்த மாலையைத் தனியார் கல்வி நிலையங்களுக்கு நாமே கொடுத்துவிட்டோம். பிற்பகல் இரண்டரை மணிக்குத் துவிச்சக்கர வண்டிகள் வரிசையாகச் செல்வதை வீதியில் நின்று காணலாம். தரம் 5 புலமைப்பரிசில் முதற்கொண்டு உயர்தரம் வரை இதுவே வழக்கு. பெற்றோரை மாத்திரம் குறைகூறுதல் தகாது. வகுப்பறையிலே பாடம் முடிவுறாவிடின் அவர்கள் வேறென் செய்வர்? ஆசிரியராகிய எம்மவரிலும் மாலையில் அந்நிலையங்களிற் கற்பிப்போர் உளர் என்பதை மறைத்தெழுதினால் இக்கட்டுரை பொய்யாகும்.

ஆதலின் எல்லா மாலையையும் நாம் கேட்கவில்லை. தரம் 8, 9 மாணாக்கருக்குக் கிழமையில் இரு மாலைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், கல்லூரிக்குள்ளேயே இருக்கட்டும் என்கின்றோம். ஒரு மாலை தாளமும் வாத்தியமும்; ஒரு மாலை மைதானம். அணிக்குத் தெரிவு செய்யப்பட்டோருக்கு வேறாகப் பயிற்சி உண்டாதலின், இம்மாலைகள் தெரிவு செய்யப்படாதோருக்கே உரியனவாதல் வேண்டும். கிளித்தட்டையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குச் செலவு சுண்ணாம்புக் கோடு மாத்திரமே. தட்டுக்குத் தட்டு மறிப்பவனை ஏய்த்துப் போவதற்குக் குறுகிய உடம்பும் விரைந்த கண்ணுமே மேலானவை. பிந்தி வளர்வோன் அங்கே தலைவனாகின்றான். பிற்பகலில் பசியோடு விளையாட முடியாதாகையால் ஒரு நேர உணவுக்கும் ஒழுங்கு வேண்டும். இச்சிறு காரியத்தை மறந்து தொடங்கிய பயிற்சிகள் பல இரண்டாம் மாதத்தில் நின்றுபோயின.

பழைய மாணவர்களை நோக்கி ஒரு வேண்டுகோள். விழாக் காலத்தில் நீங்கள் கல்லூரிக்குக் கிண்ணங்களை வழங்க விரும்புகின்றீர்கள். உங்கள் அன்பை நாம் அறிவோம். கிண்ணம் ஏற்கெனவே வெல்பவனுக்குப் போய்ச் சேரும். அதனினும், உயரம் பாய்தலுக்குரிய மெத்தை ஒன்று, கோல்கள் நான்கு, மிருதங்கம் மூன்று, சுருதிப் பெட்டி இரண்டு, அவற்றைப் பழுதுபார்க்க ஆண்டுதோறும் ஒரு தொகை, வாத்தியம் பழக்க வரும் வித்துவானுக்கு மாத வேதனம் என்பவற்றை ஒவ்வோர் ஆண்டு அணியினரும் ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கலாம். மெத்தையை மழைக்குள் விட்டால் ஒரு மாரிக்குள் உக்கிப்போகும். மைதானத்து ஓரத்திலே அதற்கு ஒரு தகரக் கொட்டகை வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் கொட்டகையை முதலிற் போட்டுவிட்டு மெத்தையைப் பின்னர் வாங்குவதே முறை.